மண்டோர் புல் நட்ட சரளைக்குழி

எங்கள் அக்காள் வீட்டுக்காரர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் எங்கிருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வார். மாரியம்மன் கோவில் திருவிழாவில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால், தன் பேரைத் தனக்கே கேட்காத குரலில் சொல்லுகிற மனிதர் அவர். பூசாரி இரண்டு தரம் கேட்டுப் பார்ப்பார். பிறகு வாய்க்கு வந்த ஏதோ ஒரு பேரில் அர்ச்சனையை முடித்துத் தட்டைக் கையில் கொடுத்துவிடுவார். இவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வருவார். வருஷா வருஷம் யாரோ ஒரு புண்ணியவானுக்கு நல்லது நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்ததால் எல்லாரும் அவரை மண்டோர் என்றார்கள். நான் மாமா என்றேன். அது போதும்.

அப்படி வெட்கம் பிடித்த ஆண்பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தும்மினால் வெட்கப்படுவார். கல்யாணப் பந்தியில் மறுசோறு கேட்க வெட்கப்பட்டு அரைவயிற்றோடு எழுந்து வந்து, வீட்டில் பழைய சோற்றுச் சட்டியைத் தேடுவார். அக்காள் நாலு பேர் முன்னால் 'ஏங்க' என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு, காது மடல் சிவந்துவிடும். கறுத்த மனிதர்தான், அப்படியும் சிவப்பது தெரியும். தன் வெட்கம் போதாதென்று அடுத்தவர் வெட்கத்தையும் எடுத்து அவரே படுவார். அதுதான் எனக்குத் தாங்காது. எவனாவது கள்ளுக் குடித்துவிட்டு லயத்து வாசலில் வேட்டி அவிழக் கிடப்பான். கிடக்கிறவன் நிம்மதியாகக் குறட்டை விடுவான், இவர் முகத்தில் ஈயாடாது. தன் துண்டை எடுத்து அவன்மேல் போட்டுவிட்டு, தானே அப்படிக் கிடந்து எழுந்த மாதிரி சந்துவழியாக நழுவி வீட்டுக்குள் போய்விடுவார். அக்காளுக்கு அவர் துண்டுகளைத் திரும்ப வாங்குவதே ஒரு வேலை.

கொழுந்தியாள் என்ற உரிமையில் நான் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. "மாமா, நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப எங்கக்கா மூஞ்சியப் பாத்தீங்களா, இல்ல காலப் பாத்துட்டே சரின்னீங்களா?" என்பேன். "சும்மா இரு புள்ள" என்று முற்றத்துக்குப் போய்விடுவார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

மலாயாவில், மலாக்காப் பக்கம் லூபோக் சீனா போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். மாமா வெளிக்காட்டு மண்டோர். பால் வெட்டுகிறவர்களுக்கு வேறு மண்டோர். எங்கள் கூட்டம் புல் எடுக்கிற கூட்டம், அத்தனையும் பெண்கள். மரத்தடியில் ஒரு பச்சை தெரியக் கூடாது என்பது தொரையின் சட்டம். புல் இருந்தால் மரத்துக்குப் போட்ட உரத்தை அது தின்றுவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதனால் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, வரிசை பிடித்துக் குனிந்தோமானால், லாலானோ கோரையோ எதுவானாலும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிப் போட்டுக்கொண்டே போவோம். வாய் ஊர்க்கதை பேசும். கை தன்பாட்டில் வேலை செய்யும். கையைப் பார்த்து வேலை செய்தவள் எங்களில் யாருமே இல்லை.

"மண்ணு தெரியணும்மா." மாமா நாள் முழுக்கச் சொல்லுகிறது இது ஒன்றுதான். திட்ட அவருக்கு வராது. எவளாவது ஒரு தூரை விட்டுவிட்டுப் போய்விட்டால், அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தொண்டையைச் செருமுவார். நாங்களே திரும்பிப் பார்த்துப் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் நிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்பார். மற்ற மண்டோர்கள் வாயில் வருகிற வார்த்தைகளைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த ஒரு சொல்லின் அருமை தெரியும். நாங்கள் அவருக்கு நடுங்கியதில்லை. ஆனால் அவர் செரும வேண்டி வந்துவிடக் கூடாதே என்று ஒழுங்காக வேலை செய்தோம்.

அப்புறம் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களைக் காலி செய்து எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றி முள்ளுக்கம்பி. ஒரே கேட்டு. காவல் கொட்டகையில் துப்பாக்கியோடு எஸ்.சி.கள், அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், அநேகமாக மலாய்க்காரப் பிள்ளைகள். காலையில் கேட்டைத் திறப்பார்கள், ஆறு மணிக்கு மூடுவார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது, காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடுமாம். வேலைக்குப் போகிற எங்களைத் தடவித்தான் அனுப்பினார்கள். தடவ ஒரு பொம்பளையை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் மரியாதை.

மனுஷரையாவது உள்ளே அடைக்கலாம். மாடுகளை என்ன செய்ய? எங்கள் அக்காள் வீடு தவிர வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. முன்னெல்லாம் ஆற்றோரம் மேய்ந்தவை. இப்போது ஆற்றோரம் போகத் தடை. காவல் கொட்டகையிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற இடத்தில்தான் மேய்க்கலாம் என்றார்கள். அப்படி எட்டுகிற இடம், லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு ஒன்றுதான். அடியெல்லாம் கல். ரப்பர் பிடிக்காது என்று தொரை அதை விட்டுவைத்திருந்தார். அதனால் புல் கணுக்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. எங்கள் மாடுகளுக்கு இருந்த கதி அந்த மேடுதான்.

ஒருநாள் பெரட்டுக்குத் தொரையோடு ஒரு பட்டாளத்து ஆபீசரும் ஒரு கண்ட்ராக்டரும் வந்தார்கள். லாரி ஓட ரோடு போட வேண்டுமாம், ரோட்டுக்குச் சரளைக்கல் வேண்டுமாம். தொரை தமிழ் பேசுவார், எல்லாரையும் நீ வா போ என்கிற தமிழ்.

"மண்டோர், நீ எல்லா எடமும் போறே. கல்லு எங்கே இருக்கு?"

எங்களுக்கெல்லாம் தெரியும் எங்கே என்று. தெரியாது தொரெ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பெரிய மனிதர்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பார்வை எப்படியாவது தன்மேலிருந்து போனால் போதும் என்று விரலைத் தூக்கி மேட்டைக் காட்டிவிட்டார். பார்வை மேட்டுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் மேடே போய்விட்டது.

மாதக்கணக்கில் தோண்டினார்கள். மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்துவிட்டு, கல்லை அள்ளி லாரியில் ஏற்றினார்கள். ரோடு முடிந்ததும் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. மேடு இருந்த இடத்தில் இரண்டு பெரிய குழி. ஒன்றில் ஆளை முழுங்குகிற தண்ணீர், இன்னொன்றில் முழங்கால் சேறு. கரையெல்லாம் செங்குத்தாக, சிவப்புக் கல்லாக, அம்மை வார்த்த முகம்போல் கிடந்தது. ஒரு புல் இல்லை.

மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வேலை முடிந்து வருகிறபோது மரக்காட்டில் ஒரு கை புல் அறுத்து வரலாம் என்று பார்த்தால், எங்கே இருக்கிறது புல்? நாங்கள் விட்டால்தானே. தோட்டம் முழுக்கத் துடைத்து வைத்தவர்களே நாங்கள்தான். வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல. பசி தாங்காத மாடுகள் நாற்றங்காலுக்குள் புகுந்து ரப்பர்க் கன்றைக் கடித்துவிட்டன. தொரைக்குக் கோபம் வந்தது. பொங்கல் வரைக்கும் தவணை, அதற்குள் மேய்க்க இடம் இல்லையென்றால் மலாக்காவிலிருந்து மாட்டுத் தரகனை வரச்சொல்லி எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்று பெரட்டில் சொல்லிவிட்டார். அந்தத் தரகன் மாட்டை எங்கே கொண்டுபோவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் கூட்டத்தில் செல்லம்மா என்று ஒருத்தி. புருஷனை இழந்தவள். கறுப்பி என்ற ஒரு பசுவை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். வாய்க்காரி. அவள் தண்ணீர்க் குழாயடியில், அத்தனை பேருக்கும் நடுவில், மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"ஒங்க வூட்ல மாடு இல்லல்ல மண்டோரே, அதான் வெரலு அவ்ளோ லேசா தூக்குச்சு."

மாமா வாளியில் பாதித் தண்ணீரோடு திரும்பி வந்தார். அதற்கப்புறம் குழாயடிக்கே போகவில்லை. தண்ணீரெல்லாம் அக்காள்தான் சுமந்தாள். அவளோடும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. மண்டோர் கொழுந்தியாள் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு நிரையில் குனிவது? "அவங்ககிட்ட வாயத் தொறந்து ஒரு மன்னிப்பாவது கேளுங்க மாமா" என்று கத்தினேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கவும் வெட்கம்.

மறுநாள் வேலை முடிந்ததும் தோளில் கோணிப்பையோடு குழிப்பக்கம் போனார். பையில் புல். தோட்டத்துப் பாடாங் ஓரத்தில், பந்து விளையாடுகிற இடத்துக்கு வெளியே, அகல இலையாய்ப் படர்ந்து கிடக்குமே, மாடு விரும்பித் தின்னுமே, அதை வேர்மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போய் நட்டார். வாழ்நாளெல்லாம் புல்லைப் பிடுங்கச் சொன்ன மனிதர், கல்லுக்குள் விரலால் குழி பறித்துப் புல் நடுகிறார். லயமே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தது. எனக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "பாடாங்கில் சொட்டை விழுந்திருக்கே, என்னய்யா மண்டோர்?" என்று ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேறு கேட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அக்காள் சொன்னாள்.

முதல் மழைக்கே அத்தனையும் குழிக்குள் வழித்துக்கொண்டு போய்விட்டது. செங்குத்துக் கரையில் எது நிற்கும்? அப்புறம் மண்வெட்டியை எடுத்தார். ஆழக் குழியின் ஒரு பக்கத்துக் கரையை வெட்டிச் சரித்து, மாடு இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுகிற மாதிரி தாழ்வாக்கினார். கண்ட்ராக்டர் சுரண்டிப்போட்ட மேல்மண் குவியலைக் கூடை கூடையாகச் சுமந்து சரிவில் பரப்பினார். தினம் கொஞ்சம், கேட்டு மூடுகிறதற்குள். மண்ணோடு சாணி கலந்தால் பிடிக்கும் என்று தோன்றியிருக்கிறது. சாணி யாரிடம் இருக்கிறது? மாடு வைத்திருக்கிறவர்களிடம். கேட்க வேண்டுமே. கொட்டில் கொட்டிலாகப் போய்ப் பின்பக்கம் நின்று தொண்டையைச் செருமினார். எங்களுக்கா புரியாது? ஆனால் புரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. செல்லம்மாதான் எட்டிப் பார்த்தாள்.

"என்னா மண்டோரே, தொண்ட சரியில்லையா? கசாயம் வச்சுத் தரட்டுமா?"

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவள் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கூடை சாணி தானாக வந்து இருந்தது. வைத்தவள் அவள்தான். கேட்டால் இல்லை என்று சத்தியம் பண்ணுவாள்.

அந்தச் சாணியைக் கோணியில் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறபோது எஸ்.சி. தடுத்தான். "அபா இனி?" என்று கேட்டான், என்ன இது என்று. இவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அரிசி ஒளித்திருக்கும் என்று அவன் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திக் குத்திப் பார்த்தான். கம்பி வெளியே வந்தது, வந்த கோலத்தில். நாங்கள் வரிசையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டோம். பாவம், அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப்போய் நின்றான். மாமா தன் தோள்துண்டை எடுத்து அந்தக் கம்பியைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். "மின்தா மாஃப்லா துவான்" என்றார். சோதனை போட்டவனுக்காகச் சோதனைக்கு நின்றவர் மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

தனி ஆளால் ஆகிற வேலையா அது? மழைக்காலம் வேறு முடிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் நிரையில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு ரப்பர் மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம யாராச்சும் வந்தா, கொஞ்சம் சீக்கிரம் ஆவும்."

மரம் பதில் சொல்லவில்லை. செல்லம்மா சொன்னாள். "வாறோம். மாடு எங்களுதுதானே."

வேலியைத் தாண்டிக் கூட்டமாகப் போகத் தனி அனுமதி வேண்டும். கிராணி அறை வாசலில் எத்தனை நாள் நின்றாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கிவிட்டார். அன்றைக்கு எல்லாரும் போனோம். சோறு கொண்டுபோக முடியாது, வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு நட்டோம். சரிவு முழுக்க, தண்ணீர் விளிம்புவரைக்கும் நட்டோம். அவர் யாரையும் ஏவவில்லை. கூடையை நிரப்பிக்கொண்டு வந்து அவரவர் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். புல் பிடித்தது. இரண்டு மழைக்குப் பிறகு சரிவில் இளம்பச்சை தெரிந்தது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தலைகாட்டாத கொக்கு இரண்டு வந்து சேற்றுக்குழியில் நின்றன. அதைப் பார்த்துத்தான் நாங்கள் நம்பினோம்.

ஆனால் லாலானும் கூடவே முளைத்தது. அது முற்றினால் மாடு வாய் வைக்காது, மற்ற புல்லையும் அமுக்கிவிடும். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்புகிற வழியில், "நடுவால இருக்குற லாலான மட்டும் எடுத்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மாமா மழைத்தண்ணீர் வடிகிற வழியை வெட்டப் போனார். நாங்கள் வழக்கம்போல் வரிசை பிடித்துக் குனிந்தோம். செல்லம்மா தன் மாமியார் கதையை எடுத்தாள். அந்த மாமியாரைப் பற்றி ஒரு வருஷம் பேசலாம். பேசினோம், சிரித்தோம், நகர்ந்தோம். கரையோரம் போய் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சரிவில் ஒரு பச்சை இல்லை. நட்ட புல் அத்தனையும் வேரோடு வந்து, மண் உதறி, எங்களுக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தது. லாலானும் கிடந்தது, மாட்டுப்புல்லும் கிடந்தது. ஒருத்தி தப்பியிருந்தால் அவளாவது மற்றவர்களைத் திட்டியிருப்பாள். அத்தனை பேர் கையும் ஒரே மாதிரி பழகிய கை. செல்லம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா வந்தார். பார்த்தார். இன்றைக்காவது இந்த மனிதர் திட்டட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நாங்கள் நிற்கிற கோலம் அவருக்குத் தாங்கவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. குத்திப் பேச அவருக்குத் தெரியாது. "நாந்தானே இப்புடிப் பழக்குனேன். நீங்க என்னா பண்ணுவீங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பிடுங்கிப்போட்ட புல்லைப் பொறுக்க ஆரம்பித்தார். "வேரு இருக்கு. நனச்சு வச்சா கெடக்கும்." ஆறு மணி ஆகப்போகிறது என்று கேட்டில் மணி தட்டினார்கள். அவரோடு குனிந்து பொறுக்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பாஸ் வாங்கிக்கொண்டு, மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தார். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. அவர் வருவதற்குள் நாங்களே நட்டுவிட வேண்டும் என்று செல்லம்மா சொன்னாள். இந்த முறை அனுமதி கிடையாது. கேட்கப் போனால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று எப்படிச் சொல்லுவது? விறகுக்குப் போகிறோம் என்று இருவர் மூவராகக் கேட்டைத் தாண்டினோம். நனைத்து வைத்திருந்த புல்லை எடுத்து நட ஆரம்பித்தோம். பாதிச் சரிவு முடிந்திருக்கும். ரோந்து லாரி ஒன்று வந்து நின்றது. குழிக்குள் இத்தனை பேர் குனிந்துகொண்டிருந்தால் பட்டாளத்துக்காரன் என்ன நினைப்பான்? எதையோ புதைக்கிறோம் என்று நினைத்துத் துப்பாக்கியை நீட்டிக் கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினோம். அத்தனை பேர் கையிலும் புல்லு.

எங்கள் அடையாள அட்டையை, ஐ.சி.யைப் பிடுங்கிக்கொண்டு லயத்துக்கு ஓட்டி வந்தார்கள். மாமா பொழுது சாயத் திரும்பினார். அக்காள் சொல்லக் கேட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

மறுநாள் பெரட்டில் தொரையின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பக்கத்தில் அந்தப் பட்டாளத்து ஆபீசர். அனுமதி இல்லாமல் கூட்டம் கூடியதற்கு உள்ளே போட முடியும் என்றார் தொரை.

"யாரு கூப்பிட்டது? சொல்லு. எல்லாரையும் போலீசுக்கு அனுப்பவா?"

செல்லம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா வரிசையைவிட்டு வெளியே வந்தார்.

"நாந்தான் தொரெ."

"நீ நேத்து மலாக்காவுல இருந்தே. பாஸ்ல கையெழுத்துப் போட்டது நானு."

"போறதுக்கு முன்ன சொல்லிட்டுப் போனேன் தொரெ."

"இல்ல தொரெ, அவருக்குத் தெரியாது, நாங்களாத்தான்..." என்றாள் செல்லம்மா. மாமா திரும்பினார். "சும்மா இரு" என்றார். அந்த மனிதர் ஒரு பெண்பிள்ளையை அதட்டி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அவ்வளவு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொரை, ஆபீசர், கிராணி, எஸ்.சி.கள், பால்மரத்து ஆட்கள், நாங்கள். காது சிவந்தது தெரிந்தது. விரலைத் தூக்கிக் காட்டித் தப்பிக்க இந்தத் தரம் இடம் இல்லை. நின்றார். நின்றுகொண்டு, யாருமே கேட்காத ஒன்றையும் சொன்னார்.

"தொரெ, பொங்கலுக்குள்ள புல்லு பத்தாது. இன்னும் கொஞ்ச நாளு வேணும். மாட்ட விக்க வேணாம்."

தொரை ஆபீசரோடு ஜீப்பில் ஏறிக் குழிப்பக்கம் போனார். நாங்கள் வெயிலில் நின்றோம். திரும்பி வந்து ஐ.சி.களைக் கிராணியிடம் கொடுத்து எங்களிடம் தரச் சொன்னார்.

"மாடு கெடக்கட்டும். ஆனா பட்டாளத்துக்கு நான் ஒரு ஆளைக் காட்டணும். நீ இன்னையிலருந்து மண்டோர் இல்ல."

"சரிங்க தொரெ" என்றார் மாமா. கையிலிருந்த மண்டோர்த் தடியைக் கிராணி மேசைமேல் வைத்தார். வைக்கும்போது அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் திரும்ப வைத்தார். அதற்கும் வெட்கப்பட்டார்.

அன்றைக்கே அவருக்கு எங்கள் நிரையில் இடம் போட்டார்கள். பெண்கள் வரிசையில் ஒரு ஆம்பிளை, என் பக்கத்தில், குனிந்து லாலான் பிடுங்கினார். புது மண்டோர் பின்னால் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினான். செல்லம்மா அன்று மாமியார் கதையை எடுக்கவில்லை. அத்தனை பெண்களும் வாயைத் திறக்காமல் வேலை செய்த நாள் அது. நான் அவரைக் கேலி செய்வதை அதோடு விட்டுவிட்டேன். கேலி செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ, வாய் வரவில்லை.

புல் பிறகு நன்றாகவே பிடித்தது. கட்டுக்காவல் எல்லாம் முடிந்த பிற்பாடு அந்த இடத்தைப் பார்த்தவர்கள் அதைக் குழி என்று சொல்ல மாட்டார்கள். சேற்றுக்குழியில் காங்கோங் கீரை படர்ந்து, ஆழக் குழியில் மீன்கொத்தி உட்கார்ந்து, நடுவில் மாடு மேய்ந்து, மாட்டு முதுகில் கொக்கு நின்று, பிறந்ததிலிருந்தே அப்படி இருந்த மாதிரி இருந்தது. அதெல்லாம் அப்புறம்.

அந்த வருஷத்து மாட்டுப் பொங்கலுக்குச் சரிவில் பாதிதான் பச்சை. இருந்தாலும் மாடுகளை அந்தத் தாழ்வுக் கரைவழியாக இறக்கிக் குளிப்பாட்டினோம். எல்லாரும் சேர்ந்து பேசி, முதல் மாலையை மாமாதான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். கறுப்பியை ஓட்டிக்கொண்டு மாமா வீட்டு வாசலுக்கே போனோம். கதவு சாத்தியிருந்தது. அக்காள் வெளியே வந்தாள்.

"வரமாட்டேங்குறாரு. வெக்கமா இருக்காம்."

செல்லம்மா கையில் மாலையோடு கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவோடு பேசினாள்.

"வெக்கம் ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கா? ஒங்க மூஞ்சியில முழிக்க எங்களுக்கு எவ்ளோ வெக்கமா இருக்கு தெரியுமா. நாங்க வந்து நிக்கல?"

அவள் போகவில்லை. நாங்களும் போகவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் கதவு திறந்தது. மாமா வந்து தலை நிமிராமல் மாலையை வாங்கிக் கறுப்பியின் கழுத்தில் கட்டினார். அவர் செல்லம்மாவைப் பார்க்கவில்லை, செல்லம்மா அவரைப் பார்க்கவில்லை, நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கறுப்பி மட்டும் கழுத்தை வளைத்து அந்த மாலையை எட்டித் தின்னப் பார்த்தது.